வண்டிக்காரர் வரும் முற்றம்

ஜனவரி 14, ஞாயிறு

காலையில் பூச்சியத்துக்குக் கீழே இருபத்தொன்பது. வாசற்படிப் பனியை வழித்து, வழுக்காமல் இருக்கச் சிறுகல் தூவினேன்.

ட்ரொன்ட்ஹெய்மில் ஒரு தமிழ்ச் சங்கத்தார் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். 'நாங்கள் வாழும் ரோரோஸ்' என்று தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள். பேராதனையில் வரலாறு படித்தவன், நோர்வேயின் இந்தச் சுரங்க ஊரில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவன் என்பதால் என்னால் முடியும் என்று நினைக்கிறார்கள். இங்கே நான் செய்தது கதவுத் தொழிற்சாலையில் கதவுகளுக்கு வர்ணம் பூசிய வேலை. மறுக்கத் தெரியாமல் சம்மதித்துவிட்டேன். முதற்பந்தியை நான்கு முறை எழுதியும் திருப்தியில்லை.

பிற்பகல் அதை நாகேஸுக்கு வாசித்துக் காட்டினேன். என் மனைவி புதுவருடத்திலிருந்து பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது நல்லதாயிற்று. செம்புக் கழிவு மேடுகளும் அவற்றுக்கு மேலே தேவாலயக் கோபுரமும் தெரிகின்றன.

ஒரு வேட்டைக்காரன் சுட்ட கலைமான் விழுந்து காலை உதைத்த இடத்தில் செம்புக்கல் மின்னியது என்ற கதையோடு தொடங்கியிருந்தேன்.

"பாவம் மான்," என்றாள். "பிறகு?"

"பிறகு ஆயிரத்து அறுநூற்று நாப்பத்து நாலில இருந்து முந்நூறு வருஷத்துக்கு மேல செம்பு எடுத்தவை."

"அவ்வளவு காலமும் ஒருத்தரும் சமைக்கேல்லையோ? உங்கட கட்டுரையில ஒரு பெண்டுகளையும் காணேல்லை."

ஓரத்தில் 'பெண்கள்' என்று குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 18, வியாழன்

டொக்டர் வந்தார். இளைஞர், பெர்கன் பக்கத்தவர். தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யலாம் என்றார். நாகேஸ் வேண்டாம் என்றுவிட்டாள்.

"பெர்கன்காரர் கதைக்கிறது வாய்க்குள்ள கல்லு வைச்ச மாதிரி. நீங்கள் இருக்கிறியள்தானே. நீங்களே சொல்லுங்கோ."

அவள் இருபத்தாறு வருடம் இங்குள்ள பள்ளிக்கூடத்தையும் தேவாலயத்தையும் துப்புரவு செய்தவள். இந்த ஊர்க் கிழவிகளோடு அவர்கள் பேச்சிலேயே வாயடிப்பாள். என்னுடையது புத்தகத்து நோர்வே மொழி. பெர்கன் பேச்சு மட்டும் விளங்காது என்றால் நம்ப வேண்டியதுதான்.

டொக்டர் கதிரையைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப்போட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஈரல் முழுவதும் பரவிவிட்டது. இனிக் கொடுக்கும் மருந்து நோவுக்கு மட்டும்தான். மாதங்கள் இல்லை, கிழமைகள்தான். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன்: "மருந்தை மாத்தப்போகினமாம். மெதுவாத்தான் பிடிக்குமாம்."

"எவ்வளவு காலமாம்?"

"கோடைக்குள்ள சுகமாகுமாம்."

"கோடைக்குள்ள எண்டு அவரே சொன்னவர்?"

"ஓம்."

அவள் சற்று நேரம் என் கைகளைப் பார்த்தாள். பிறகு டொக்டரிடம் திரும்பி, அவர் மொழியில் நன்றி சொன்னாள்.

"விளங்கிக்கொண்டாரா?" என்று டொக்டர் என்னைக் கேட்டார். விளங்கிக்கொண்டாள் என்றேன்.

மெல்பேர்னிலிருந்து ரூபி முன்பே சொல்லியிருந்தாள்: "அப்பா, அம்மாவுக்கு ஒண்டும் தெரியவேண்டாம். தெரிஞ்சால் அண்டைக்கே உடைஞ்சுபோவா." மகளின் சொல்லைக் கேட்டு நடந்தேன் என்று எழுதலாம். டொக்டரின் முதல் வசனத்தையே என்னால் தமிழில் சொல்ல முடியவில்லை என்பதையும் எழுதவேண்டும்.

ஆறுதலாக, நானே சரியான சொற்களில் சொல்லிவிடுவேன். சனிக்கிழமை சொல்லலாம்.

ஜனவரி 19, வெள்ளி

நாகேஸ் தொலைபேசியைக் கேட்டாள். கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னாள். நான் நடைபாதையில் காத்திருந்தேன். யோருன் என்ற தாதி வாஃபிளும் கோப்பியும் கொண்டுவந்து தந்தாள். கோப்பி ஆறியும் கதவு திறக்கவில்லை.

உள்ளே போனபோது முகம் கழுவியிருந்தாள்.

"ஆரோட இவ்வளவு நேரம்?"

"வேற ஆர், ரொறொன்ரோவில பவளமக்காவோடதான். அங்கயும் பனியாம்."

அக்கா தங்கை பேச்சு அப்படித்தான் நீளும்.

ஜனவரி 20, சனி

சொல்லவில்லை. இன்று அவளுக்குச் சத்தி, குடித்தது ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை. பொருத்தமான நாள் இல்லை.

ஜனவரி 23, செவ்வாய்

கட்டுரையின் இரண்டாம் பகுதி: குளிர்காலச் சந்தை. மற்ற ஊர்களில் பனி பாதையை மூடும். இங்கே ஏரிகள் உறைந்த பிறகுதான் பாதை திறக்கும். உருக்காலைக்கு வேண்டிய மரக்கரியும் தாதும் சறுக்குவண்டிகளில் குதிரை இழுத்து வந்தன. செம்பு நின்று, கம்பனியும் எழுபத்தேழில் முறிந்துபோயிற்று. வண்டிக்காரர் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு பெப்ரவரியும் எல்லைக்கு அப்பாலிருந்துகூடப் பழைய முறைப்படி நாட்கணக்கில் வண்டியோட்டிச் செவ்வாய்க்கிழமை ஊருக்குள் நுழைகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பழகிய முற்றம் ஒன்று உண்டு. அங்கே நெருப்பு மூட்டி, சூப்பும் கோப்பியும் கொடுக்கவேண்டியது வீட்டார் கடமை.

பெர்க்மான்ஸ்காத்தா தெருவில் நாங்கள் வீடு வாங்கியபோது இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் பெப்ரவரியில் ஒரு விடியற்காலை வாசற்கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, ஓநாய்த்தோல் அங்கி போட்ட ஆண்கள் முற்றத்துக்குள் வந்தார்கள். நாகேஸ் ரூபியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுக் கதவைத் தாழிட்டாள். ஊரை விட்டு வந்து அதிக காலம் ஆகவில்லை. விடியற்காலையில் வீட்டுக்குள் வரும் ஆண்கள் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். நானும் திரைக்குப் பின்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் குதிரை ஒன்று கனைத்தது. "ஆமி குதிரையில வராது," என்று சொல்லி நாகேஸ்தான் கதவைத் திறந்தாள். அன்று மத்தியானம் அந்த வண்டிக்கூட்டத்தின் தலைவன் ஹால்வாருக்கும் அவன் ஆட்களுக்கும் மிளகு போட்ட ஆட்டிறைச்சிச் சூப் கொடுத்தாள். அவர்கள் கண்ணீர் வடியக் குடித்தார்கள். அடுத்த வருடமும் அதையே கேட்டார்கள்.

இதை வாசித்தபோது சிரித்தாள். பிறகு வேலைகளைச் சொல்லித் தரத் தொடங்கினாள். பெரிய பானை எங்கே, முற்றத்து அடுப்புக்கல்லை எப்படி வைப்பது, கம்பளித் துணிக்குச் சலவை யந்திரத்தில் எந்த இலக்கம்.

"சுகமானாப்பிறகு நீரே செய்யலாம்தானே," என்றேன்.

"ஓமோம். எண்டாலும் பழகுங்கோ."

ஜனவரி 30, செவ்வாய்

−31. தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க மெல்லியதாகத் திறந்துவைத்தேன். விறகு உள்ளே எடுத்துவைத்தேன்.

சுரங்க வேலை பற்றிய பகுதியை வாசித்தேன். பாறையை நெருப்பால் உடைத்தார்கள். சுவரோடு விறகை அடுக்கி எரியவிட்டு, எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். சூட்டில் பாறை தானாக வெடிக்கும். ஆறிய பிறகு உள்ளே போய்ப் பெயர்ப்பார்கள்.

"அது வெடிக்கேக்க பக்கத்தில ஒருத்தரும் நிக்கிறேல்லையோ?"

"நிக்கேலாது. புகை."

"ம்," என்றாள்.

சுரங்கம் ஊரிலிருந்து தூரம் என்பதால் ஆண்கள் கிழமை முழுவதும் அங்கேயே தங்கிவிட்டுச் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வந்தார்கள் என்றும் வாசித்தேன்.

"நல்ல காலம் செய்த பெண்டுகள்," என்றாள். "கிழமைக்கு ஒருக்கால்தான் புருஷன்காரன்ர பிரசங்கம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சிரிக்கும்போது எப்படிச் சொல்வது?

பெப்ரவரி 2, வெள்ளி

சொல்லவேண்டிய வசனத்தைக் கடதாசியில் எழுதிப் பார்த்தேன். தமிழில் அது டொக்டர் சொன்னதைவிடக் கொடுமையாக இருந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

பெப்ரவரி 6, செவ்வாய்

தாதி யோருன் நாகேஸின் நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். நாகேஸே தந்தாள் என்றாள். வெளியே வரும்போது யோருன் என் கையைப் பிடித்து, "இந்தக் கடைசி முறையும் குதிரைகளைப் பார்க்கவேணும் எண்டு சொன்னா. எப்படியும் சக்கர நாற்காலியில் கொண்டுபோவோம்," என்றாள்.

'இந்த முறையும்' என்றுதான் நாகேஸ் சொல்லியிருப்பாள். அவளுடைய நோர்வே மொழியில் இலக்கணம் ஒழுங்கில்லை.

சாப்பாடு அனேகமாக இல்லை. இரண்டு கரண்டி யோகர்ட்.

பெப்ரவரி 11, ஞாயிறு

இன்று கொஞ்சம் தெளிவாக இருந்தாள். தலைமயிரை வாரிவிடச் சொன்னாள். எனக்குப் பின்னத் தெரியாது, கட்டிவிட்டேன்.

தேவாலயத்தைப் பற்றிய பகுதி தயாராக இருந்தது. அங்கே ஒருகாலத்தில் பதவிப்படி ஆசனம் என்று எழுதியிருந்தேன்: கம்பனித் தலைவருக்கு ஓரிடம், அதிகாரிகளுக்கு ஓரிடம், சுரங்கத் தொழிலாளிக்கு ஓரிடம். வாசிக்கத் தொடங்குமுன் அவள் கை என் முழங்காலில் இருந்தது.

"இஞ்சாருங்கோ. என்னட்டை ஏதாவது சொல்லவேணுமோ? சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ. நான் கேப்பன்."

ஜன்னலுக்கு வெளியே கழிவு மேட்டில் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கை மிகவும் இலேசாக இருந்தது.

"தேவாலயப் பகுதி முடிஞ்சுது," என்றேன். "வாசிக்கட்டோ?"

அவள் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வாசியுங்கோ," என்றாள்.

முடியும்வரை கண்ணை மூடிக் கேட்டாள். "தலைவர்ர ஆசனத்திலயும் தொழிலாளியின்ர வாங்கிலயும் நான்தான் தூசி துடைச்சனான். ரெண்டும் ஒரே தூசிதான். அதையும் எழுதுங்கோ."

எழுதிக்கொண்டேன்.

பெப்ரவரி 15, வியாழன்

அதிகமும் தூக்கம். மோர்பின். விழித்தபோது செவ்வாய்க்கிழமையா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். முற்றத்துப் பனியை வழித்தாயிற்றா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வழிப்பதாகச் சொன்னேன்.

"மறந்துபோகாதேங்கோ. குதிரை கால் வழுக்கும்."

பெப்ரவரி 18, ஞாயிறு

காலையில் நாகேஸ் போய்விட்டாள். யோருன் பக்கத்தில் இருந்தாளாம். நான் முற்றத்தில் பனி வழித்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 19, திங்கள்

ரூபிக்கு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வந்துசேர முடிகிறது. உடல் ட்ரொன்ட்ஹெய்முக்குப் போய்விட்டது. தகனம் மார்ச் முதலாம் தேதி. இங்கே ஒழுங்கு அப்படி.

பவளமக்கா ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசியில் எடுத்தார். நெடுநேரம் அழுதார். பிறகு சொன்னார்:

"தம்பி, எடுக்குமட்டும் வீட்டில அடுப்பு மூட்டப்படாது. மச்சம் மாமிசமும் கூடாது. அயலுக்க ஆரேனும் சமைச்சுத் தருவினம்தானே?"

"ஓம் அக்கா."

"புதுவருஷத்துக்குப் பிறகு அவளோட ஒருக்கால் கதைக்கவும் எனக்குக் குடுத்துவைக்கேல்லை."

அக்காவுக்கு வயது எண்பத்தொன்று, மறந்திருப்பார்.

விறகு அடுப்பை அணைத்தேன். மின்சூடாக்கி நெருப்பில் சேர்த்தியா என்று கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதையும் அணைத்துவிட்டேன். அங்கியோடு இருக்கிறேன். சாப்பிடப் பாண் இருக்கிறது.

நாளைக்கு வண்டிக்காரர் வருவார்கள். வாசலில் வைத்தே ஹால்வாரிடம் சொல்லவேண்டும்: என் மனைவி இறந்துவிட்டார், இந்த வருடம் எங்கள் முற்றத்தில் நெருப்பு இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். மூன்றும் சிறிய வசனங்கள். சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடிகிறது.

பெப்ரவரி 20, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

மணிச் சத்தம் கேட்டதும் தெருவாசலுக்குப் போய் நின்றேன். நான்கு வண்டிகள். ஹால்வார் முன்னால் வந்தான். தாடியெல்லாம் உறைபனி. என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் வழித்துத் துப்புரவாகக் கிடந்த முற்றத்தைப் பார்த்தான், புகை வராத புகைபோக்கியைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். ஒரு வசனமும் வரவில்லை.

அவன் தொப்பியைக் கழற்றினான்.

"எப்ப?" என்று கேட்டான்.

"ஞாயிற்றுக்கிழமை."

இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். மற்ற மூவரும் தொப்பியைக் கையில் பிடித்தபடி காத்து நின்றார்கள். பிறகு அவன் திரும்பி ஏதோ சொன்னான். ஒருவன் வண்டியிலிருந்து விறகை இறக்கினான். இன்னொருவன் ஒரு பெரிய இரும்புப் பானையை இறக்கினான். பனிமேல் கல் வைத்து, முற்றத்தின் நடுவில் நெருப்பு மூட்டினார்கள். எங்கள் வீட்டு விறகில் ஒன்றையும் தொடவில்லை. தண்ணீருக்குக்கூட என் கதவைத் தட்டவில்லை. பால்கலன் இரண்டில் கொண்டுவந்திருந்தார்கள்.

நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவேண்டுமா, இது சாவுத் துடக்குள்ள வீட்டில் மூட்டிய நெருப்பாகுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹால்வார் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து என் கையில் தந்தான். மஞ்சள் பட்டாணிச் சூப். மிளகு தூக்கலாக இருந்தது.

"குடி, சிவா. இதில் இறைச்சி இல்லை."

அவனுடைய ஆட்களில் ஒருவன் நெருப்படியிலிருந்து கத்தினான்: "நாலு நாள் குளிரில் வந்திட்டு இறைச்சியில்லாத சூப்! என்ர குதிரையே சிரிக்குது."

"வாயை மூடிக்கொண்டு குடியடா," என்றான் ஹால்வார்.

எங்கள் ஊரில் இழவு வீட்டுக்கு அயல்வீட்டார்தான் சமைத்துக் கொடுப்பார்கள். அதுவும் மரக்கறிதான். இது இங்கே ஒருவருக்கும் தெரியாது. நான் எவருக்கும் சொன்னதில்லை.

"இறைச்சி போடவேண்டாம் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"உன்ர மனுஷிதான்."

"எப்ப?"

"ஜனவரியில. டொக்டர் வந்து சொன்னதுக்கு அடுத்த நாள் ஃபோன் எடுத்தா. 'சந்தை வரைக்கும் நான் இருக்கமாட்டன் போல கிடக்கு. எங்கட வழக்கத்தில வீட்டு அடுப்பு எரியாது. சிவா தனியக் குளிருக்குள்ள இருப்பார், ஒருத்தரையும் கேக்கமாட்டார். நீ பானையைக் கொண்டு வா. வெளியில மூட்டு. அவர் குடிக்குமட்டும் பக்கத்தில நில்' எண்டு சொன்னா."

"டொக்டர் என்ன சொன்னவர் எண்டு சொன்னவளோ?"

"ஈரல் எண்டு. கிழமைக்கணக்கு எண்டு." அவன் என்னைப் பார்த்தான். "நீதானே மொழிபெயர்த்தது?"

கோப்பையைப் படியில் வைத்தேன்.

"என்னட்டை ஏன் சொல்லேல்லை எண்டு சொன்னவளோ?"

ஹால்வார் குதிரையிடம் போய், இறுக்கம் சரியாகவே இருந்த வாரை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். நான் அவன் பின்னால் போய் நின்றேன்.

"கேட்டனான்," என்றான் முதுகைக் காட்டியபடியே. "சிவா அவ்வளவு பாடுபட்டு ஒரு கோடையைச் செய்து தந்திருக்கிறார், அதை எப்படி உடைக்கிறது எண்டு சொன்னா. அவராக வாய் திறந்தால் தானும் திறப்பன் எண்டா."

"வேற?"

"வேற ஒண்டுமில்லை. பிறகு அழுதா."

"கனநேரமோ?"

"நான் லாயத்துக்க நிண்டனான். கதைக்கத் தொடங்கேக்க குதிரைக்கு வைக்கோல் போட்டனான். அவ அழுது முடிக்கேக்க அது எல்லாத்தையும் திண்டு முடிச்சிட்டுது." குதிரையின் கழுத்தில் கையை வைத்தபடி நின்றான். "எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. கேட்டுக்கொண்டு நிண்டன்."

அன்றைக்கு நான் மூடிய கதவுக்கு வெளியே கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஹால்வார் கோப்பையைத் திரும்ப நிறைத்துத் தந்தான். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றான்.

பெப்ரவரி 24, சனி

வண்டிகள் திரும்பிப் போயின. சாம்பலை அள்ளினேன். கட்டுரை அனுப்ப முடியாது என்று சங்கத்தாருக்கு அறிவித்தேன். காரணம் கேட்டார்கள். என் மனைவி இறந்துவிட்டார் என்றேன். நானே சொன்னேன்.

பெப்ரவரி 25, ஞாயிறு

ரூபி பின்னேர ரயிலில் ட்ரொன்ட்ஹெய்மிலிருந்து வந்து இறங்கினாள். மெல்பேர்ன் கோடையிலிருந்து வந்தவளுக்கு மெல்லிய மேலங்கிதான் இருந்தது. என் கழுத்துச் சால்வையைச் சுற்றிவிட்டேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அப்பா, நாங்கள் செய்தது சரிதானே?" என்றாள். "அம்மா ஒண்டும் தெரியாமல் நிம்மதியாத்தானே போனவ? ஃப்ளைட் முழுக்க அதைத்தான் நினைச்சுக்கொண்டு வந்தனான். அதுவும் இல்லாட்டி எனக்குத் தாங்கேலாது."

ஓம் என்று சொன்னால் போதும். அந்த ஒரு சொல் நாக்கு நுனியில் இருந்தது. எனக்கு நல்ல பழக்கமான சொல்.

"இல்லையம்மா," என்றேன். "அவவுக்கு எல்லாம் தெரியும். முதல் நாளே தெரியும்."

அவள் முகத்தை எடுத்தாள்.

"அப்ப ஏன் எங்களோட ஒண்டும் கதைக்கேல்லை?"

"ஒருக்கால் கேட்டவ. நான் கட்டுரை வாசிச்சனான்."

ரூபிக்கு அது விளங்கியிருக்காது. ரயில் புறப்பட்டுப் போனது. மற்றப் பயணிகளும் போய்விட்டார்கள்.

"அப்ப அம்மா இவ்வளவு நாளும் தனியவோ அழுதவ?"

"ஒரு நாள் ஹால்வாரோட அழுதவ. ஃபோனில."

"எந்த ஹால்வார்? குதிரைவண்டி ஹால்வாரோ?"

"ஓம்."

ரூபி பயணப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்குப் போகலாம், குளிர் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்தில், ரயில்மேடைப் பனியிலேயே, நானும் உட்கார்ந்தேன்.